கல்தூணின் மணிக்கணக்கு

தொள்ளாயிரத்து ஆறு மணி நேரம்.

கண்ணாடிக்காரன் கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தான். தள்ளி வைத்துப் பார்த்தான். ஊர்க்காரர்களின் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவன் அவன். எண் மாறவில்லை. சகலையின் பெயருக்குப் பக்கத்தில் 906. அவன் பெயருக்குப் பக்கத்தில் 214.

அவனுக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். சகலை என்பவர் அவன் மனைவியின் தங்கை கணவர். நீச்சல் குளத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து யாரும் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்வார். எண் இருந்தது 'கருங்கிணறு' என்ற கணினி விளையாட்டின் விமர்சனப் பக்கத்தில்.

கருங்கிணற்றில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாற்பது தளங்கள் கீழே இறங்க வேண்டும். வழியில் எலும்புக்கூடு, பேய், மூன்று தலை நாய் என்று எது வந்தாலும் வெட்ட வேண்டும். செத்தால் திரும்ப முதல் அறை, கையில் ஒரு மரக்கட்டை. ஆடியவர்கள் தங்கள் கருத்தை எழுதலாம். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று காட்டும். படிப்பவர்கள் 'பயனுள்ளது' என்றோ 'சிரிப்பு' என்றோ ஓட்டுப் போடலாம்.

இந்த விளையாட்டைச் சகலைக்கு அறிமுகம் செய்ததே கண்ணாடிக்காரன்தான். பத்து மாதத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், அவர் வீட்டுக் கணினியில் தன் கையாலேயே ஏற்றிக் கொடுத்தான். வாளை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தரவும் தயாராக இருந்தான். சகலை கேட்கவே இல்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஆடியிருக்கிறார்.

மணி நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். விமர்சனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவனுடைய விமர்சனத்தில் நாற்பத்து மூன்று குறிப்புகள். எலும்புக்கூட்டின் இடது முழங்காலில் அடித்தால் பன்னிரண்டு சதவீதம் கூடுதல் சேதம் என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதை முப்பத்தெட்டாவது குறிப்பாக எழுதியிருந்தான். இருட்டுப்பூனை என்ற அவன் பெயருக்கு 388 பேர் 'பயனுள்ளது' என்று போட்டிருந்தார்கள். ஆயிரத்து நூறு பேர் 'சிரிப்பு' என்று போட்டிருந்தார்கள். அவன் எங்கேயும் நகைச்சுவையாக எழுதியிருக்கவில்லை.

கல்தூண் என்ற பெயரில் சகலை எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"எல்லாரும் வாளைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் மழையைப் பற்றி எழுதுகிறேன். முதல் அறையில் இரண்டு தீப்பந்தங்கள் இருக்கின்றன. இடது பந்தம் வலது பந்தத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஆடும். கூரையில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஒரு துளி விழுந்ததும் பதினொன்று வரை எண்ணினால் அடுத்த துளி விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அவசரப்படாதீர்கள். கதவு எங்கேயும் போய்விடாது."

பயனுள்ளது, 640. கீழே ஒருவர் "குருவே" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், இதைப் படித்துவிட்டு வேலையை விட்டதாக எழுதியிருந்தார்.

அன்று காலை விளையாட்டைச் செய்தவர்கள் ஓர் அறிவிப்பும் வெளியிட்டிருந்தார்கள். இரண்டாம் பாகம் வரப்போகிறது. அதில் முதல் கதவுக்கு ஒரு காவலன் நிற்பான். இன்னும் பத்தொன்பது நாளில் யார் விமர்சனத்துக்கு அதிக 'பயனுள்ளது' விழுந்திருக்கிறதோ, அவர் பெயர் அந்தக் காவலனுக்கு.

அவனுக்கு அந்தப் பெயர் வேண்டும். பதினாறு வருடமாக லென்ஸ் தேய்க்கிறான். சட்டத்தின் காதுக் கம்பியில் கம்பெனி பெயர் இருக்கும். உறையின் மேல் கடைப் பெயர் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போகிற யாருக்கும், அதைத் தேய்த்தவன் ஒருத்தன் பின்னறையில் இருக்கிறான் என்பதே தெரியாது. உலகத்தில் ஒரு கதவிலாவது தன் பெயர் இருக்கட்டும் என்று நினைத்தான். பூனையின் பெயராக இருந்தாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு நடுநிலையான தீர்ப்பு வேண்டும் என்று தோன்றியது. கடையில் கண் பரிசோதிக்கும் அக்கா கணினி விளையாட்டுப் பக்கமே போகாதவர். இரண்டு விமர்சனங்களையும் பெயர் இல்லாமல் அச்சடித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் முன்னால் வைத்தான். கடைக்கு வருகிறவர்களின் கண்ணுக்கு அவர் லென்ஸ் மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?"

அக்கா ஒன்றாவது தாளை நின்று நிதானமாகப் படித்தார். இரண்டாவதில் ஒன்பதாவது குறிப்போடு நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு. இது யாரோ பெரிய மனசுக்காரர் எழுதினது."

"ரெண்டு?"

"ரெண்டாவது யாருன்னு தெரியல. ஆனா அவர் வீட்ல இருக்கிறவங்க பாவம்."

அவன் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சாயங்காலமே தன் விமர்சனத்தைத் திருத்தினான். நாற்பத்து நான்காவதாக ஒரு குறிப்பைச் சேர்த்தான்: 'பதினேழாம் தளத்திலும் மழை உண்டு. நான் அதையும் ரசித்திருக்கிறேன்.' மறுநாள் காலைக்குள் பதினான்கு பேர், கல்தூணைக் காப்பியடிக்கிறான் என்று எழுதிவிட்டார்கள். இருபத்திரண்டு பேர் தங்கள் ஓட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் நாற்பத்து நான்காவதை அழித்தான். ஓட்டுகள் திரும்பி வரவில்லை.

அவன் மனைவி பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கிறவள். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்பதை நாள் முழுக்க எழுதுவாள். இந்த விஷயத்தில் அவளிடம் யோசனை கேட்கக் கூடாது என்று இருந்தான். ஆனால் சாப்பிடும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது. தொள்ளாயிரத்து ஆறு மணி நேரம் ஒரு மனுஷன் ஆட முடியுமா என்று கேட்டான்.

"மணிக்கணக்குல என்ன இருக்கு," என்றாள் அவள், கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காமல். "எங்க வண்டில எஞ்சின் ஓடின மணி வேற, வண்டி ஓடின மணி வேற. சும்மா நின்னு உறுமிக்கிட்டிருந்தாலும் எஞ்சின் கணக்கு ஏறிக்கிட்டேதான் இருக்கும்."

அவன் கை பாதியில் நின்றது. பத்து மாதத்தில் முதல் முறையாக மனைவியை நன்றியோடு பார்த்தான்.

மறுநாள் காலை கருங்கிணற்றைத் திறந்து, பதினேழாம் தளத்தில் நாய்கள் வராத ஒரு மூலையில் தன் வீரனை நிறுத்தினான். கணினியை அணைக்காமல் வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பும்போது பத்து மணி நேரம் ஏறியிருக்கும். பதினெட்டு நாளில் நூற்று எண்பது. மணி ஏறினால் விமர்சனத்துக்கும் மதிப்பு ஏறும். இடையில் ஞாயிறு வேறு இருக்கிறது. படியிறங்கும்போது விசிலடித்துக்கொண்டே போனான்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். கருங்கிணற்றில் வீரனுக்குப் பசிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ரொட்டியோ பழமோ கொடுக்க வேண்டும். முதல் அறையில் மட்டும்தான் பசி எடுக்காது. அங்கே யார் போய் நிற்கப் போகிறார்கள்?

சாயங்காலம் வந்து பார்த்தபோது திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பந்தங்கள் எரிந்தன. வீரன் முதல் அறையில் மரக்கட்டையோடு நின்றான். நெருப்பு வாள் இல்லை, வெள்ளிக் கவசம் இல்லை. பதினேழு தளமும் போய்விட்டது. எல்லாரும் பார்க்கிற அவன் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது.

'இருட்டுப்பூனை. மரணம்: பட்டினி.'

மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வீட்ல சோறு போடறதில்லன்னு ஊர்ல நினைச்சுக்கப் போறாங்க," என்றாள்.

அரை மணி நேரத்தில் சகலையிடமிருந்து அழைப்பு வந்தது. துக்கம் விசாரிக்கிற குரல்.

"பாத்தேன்ணே. மனசே கேக்கல. பதினேழாவதுல நின்னீங்களே."

"பரவால்ல."

"அங்க எப்படிண்ணே இருக்கும்? பதினேழாவதுல. தரையெல்லாம் ஈரமா இருக்குமா? நாய் வர்றதுக்கு முன்னாடி சத்தம் கேக்குமா?"

தொள்ளாயிரத்து ஆறு மணி நேரம் ஆடியவர், ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். பட்டினியில் செத்தவனிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறார். கண்ணாடிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு, நாய் வந்தால் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்தக் கோபத்தில்தான் 'நேர்மையானவன்' பிறந்தான். புதிய பெயரில் புதிய கணக்கு. கல்தூணின் விமர்சனத்துக்குக் கீழே நேர்மையானவன் எழுதினான்: "ஐயா, நீங்கள் எந்தத் தளம் வரை போயிருக்கிறீர்கள்? ஒரு பேயின் பெயரையாவது சொல்ல முடியுமா? மழையையும் பந்தத்தையும் காட்டி எத்தனை நாள் ஏமாற்றுவீர்கள்?"

பத்து நிமிடத்தில் முதல் கல் விழுந்தது. பொறாமை பிடித்தவன் என்றார் ஒருவர். இப்படிப்பட்டவர்கள் மழையில் நனைந்ததே இல்லை என்றார் இன்னொருவர். ஒருவர் அவனுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார். கல்தூணுக்கு ஆறுதலாக ஆள் ஆளாக வந்து ஓட்டுப் போட்டார்கள். இரண்டு நாளில் 640 என்பது 890 ஆயிற்று.

மூன்றாம் நாள் சகலையே கடைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியின் திருகு தளர்ந்திருந்தது. கண்ணாடிக்காரன் அதை முடுக்கிக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. பின்னறை முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, தேய்க்கும் இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ தன்னைத் திட்டி எழுதியிருக்கிறார்கள் என்றார்.

"அப்படியா," என்றான் அவன், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

"அவர் கேட்டதுல தப்பு இல்லண்ணே. அதான் கஷ்டமா இருக்கு. எனக்குப் பதில் சொல்ல வரல. நீங்க எழுத்துல கெட்டிக்காரர். ஒரு ரெண்டு வரி எழுதிக் கொடுங்களேன்."

"நானா?"

"உங்களைத் தவிர எனக்கு வேற யாரண்ணே இருக்கா, இந்த விஷயத்துல?"

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. மறுத்தால் சந்தேகம் வரும். சுமாராக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தான். ஆனால் நேர்மையானவனின் மனதில் என்ன இருக்கிறது, அவனை எங்கே தொட்டால் வலிக்கும் என்பது உலகத்தில் வேறு யாரையும்விட அவனுக்குத் தெரிந்திருந்தது. பில் தாளின் பின்பக்கத்தில் கை தானாக ஓடியது.

'தளங்களை எண்ணுகிறவனுக்குப் படிக்கட்டு தெரியும். கிணறு தெரியாது. நண்பரே, நீங்கள் பேயின் பெயரைக் கேட்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாத பேயின் பெயர் உங்களுக்கே தெரியும்.'

சகலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எப்படிண்ணே இப்படி வருது உங்களுக்கு," என்றார்.

அந்தப் பதிலை மூவாயிரம் பேர் பகிர்ந்தார்கள். ஒரு பெண் அதைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டாள். வார முடிவில் கல்தூண் 1,730. இருட்டுப்பூனை 361. வாழ்க்கையில் அவன் எழுதியதிலேயே நல்ல நான்கு வரிகள், அவனையே திட்டி, அடுத்தவன் பெயரில். பரிசோதகர் அக்கா அதைத் தன் கைப்பேசித் திரையில் வைத்திருந்தார். பார்த்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல என்று அவனிடம் காட்டவும் செய்தார்.

வாக்கெடுப்பு முடிய நான்கு நாள் இருந்தபோது, காலை பதினொரு மணிக்கு அவன் ஒன்றைக் கவனித்தான். கல்தூணின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. 'இப்போது ஆடிக்கொண்டிருக்கிறார்.'

பதினொரு மணிக்குச் சகலை நீச்சல் குளத்தில் அல்லவா இருக்க வேண்டும்? குளத்து அலுவலகத்துக்கு அழைத்தான். அவர் நாற்காலியில்தான் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றார்கள். வேண்டாம் என்றான். பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. மறுநாள் பதினொன்றுக்கும் இருந்தது. அதற்கு மறுநாள் காலை ஒன்பதுக்கே வந்துவிட்டது.

அப்படியென்றால் வேறு யாரோ ஆடுகிறார்கள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"உன் தங்கச்சிதான்," என்றான் மனைவியிடம். "அவர் பேர்ல அவ ஆடறா. மணிக்கணக்கு எல்லாம் அவளோடது. இது ஏமாத்து வேலை."

மனைவி சிரித்தே விட்டாள். "அவளா? இந்த மாசம் மூணு கல்யாண கேக்குக்குச் சர்க்கரைப் பூ செய்யணும் அவ. மூக்கு அரிச்சா சொறியக்கூடக் கை ஒழியல. அவ போய்ப் பேய் வெட்டறாளாம்."

"அப்ப அந்த ரூமை ஏன் எப்பவும் சாத்தியே வச்சிருக்காங்க? போன தடவை நான் உள்ள போகப் போனேன். உள்ள ஓடிக்கிட்டிருக்கு, அப்புறம் பாக்கலாம்ணேன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார்."

"தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு அமைதியான மனுஷன். அவரைப் பாத்து நீங்க ஏன் இப்படிப் பொசுங்கறீங்கன்னு எனக்குப் புரியல."

பொசுங்குவது என்ற சொல் அவனுக்குப் பிடிக்கவில்லை. சரியான சொல்லாக இருந்ததால் இன்னும் பிடிக்கவில்லை.

கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடியும். கண்ணாடிக்காரன் அரை நாள் விடுப்புப் போட்டான். பதினொரு மணிக்குச் சகலை வீட்டுக்குப் போய், மச்சினி ஆடிக்கொண்டிருப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து, ஆறு மணிக்கு முன்னால் பக்கத்தில் போட்டுவிடுவது என்று திட்டம். நேர்மையானவன் பெயரிலேயே போடலாம். இந்த முறை பெயர் பொருத்தமாகவும் இருக்கும்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கதவு தாழிடாமல் இருந்தது. கூடத்தில் வெனிலா வாசனை. சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். அந்த அறை வழக்கம்போலச் சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்தும் மழைச் சத்தம் வந்தது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த மழை அது.

கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

நாற்காலியில் யாரும் இல்லை.

திரையில் முதல் அறை. இரண்டு பந்தங்கள். கூரை ஓட்டையிலிருந்து ஒரு துளி. கல்தூணின் வீரன் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். கையில் மரக்கட்டை. முதல் நாள் எல்லாருக்கும் கொடுக்கிற அதே மரக்கட்டை. கவசம் இல்லை. பையில் ஒரு மருந்துக் குப்பிகூட இல்லை. மேல் மூலையில் மணிக்கணக்கு மட்டும் 1,011.

என்ன திமிர் என்று நினைத்தான். ஆயிரம் மணி நேரம் ஆடியவன் வாளைத் தொடாமல் கட்டையோடு நிற்கிறான். நாமெல்லாம் நெருப்பு வாளுக்கு அலைகிறோம். இவர் துறந்துவிட்டாராம்.

படம் எடுக்க ஆள் இல்லை. வெறும் நாற்காலியைப் படம் எடுத்து என்ன செய்வது? உட்கார்ந்தான். ஒரு தடவை இந்தக் கட்டையின் எடையைப் பார்க்கலாம் என்று விசையில் விரல் வைத்தான். வீரன் இரண்டடி முன்னால் போனான். கதவு திறந்துகொண்டது.

ஏழு எலும்புக்கூடுகள் வெளியே வந்தன.

இப்போது விட்டுவிட்டு எழுந்தால் சகலையின் வீரன் செத்துப்போவான். கொன்றவன் யார் என்று கேள்வி வரும். கண்ணாடிக்காரன் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டான். இடது முழங்கால், இடது முழங்கால், இடது முழங்கால். முப்பத்தெட்டாவது குறிப்பு கைகொடுத்தது. கணினியின் விசிறி மெதுவாக முனகி, பிறகு சீறி, பிறகு அலற ஆரம்பித்தது. மேசைக்குப் பின்னால் ஏதோ டிக் என்றது. பிறகு இன்னொரு டிக். அவன் திரும்பவில்லை. ஐந்து விழுந்தன. ஆறாவது அவனைச் சுவரோடு சாய்த்தது.

மழை. இரண்டு பந்தங்கள். முதல் அறை. மரக்கட்டை. செத்ததற்கும் நின்றதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"அத்தான், அய்யோ, எழுந்திருங்க," என்றாள் மச்சினி வாசலில் நின்று. முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு. அவள் அவனைப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் அப்போதுதான் பார்த்தான். கணினியின் பின்பக்கம், சூடான காற்று வரும் இடத்துக்கு எதிரே, ஓர் அலமாரி. அதில் வரிசையாக நான்கு தட்டுகள். தட்டு நிறைய, கம்பிக் காம்பில் குத்தி நிறுத்திய வெள்ளை ரோஜாக்கள். முதல் தட்டில் பாதிக்கு மேல் இதழ்கள் வெடித்துச் சிதறிக் கிடந்தன.

மச்சினி கத்துகிற ஜாதி இல்லை. தட்டை இறக்கித் தரையில் வைத்தாள். ஒரு இடுக்கியை அவன் கையில் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். வெடித்த இதழைப் பக்கத்து இதழுக்கு அடிபடாமல் எடுக்க வேண்டும், நாளைக் காலையில் கேக் போகிறது என்றாள்.

அவன் உட்கார்ந்து எடுத்தான். தப்பிக்க வழியில்லை. தவிர, அந்த வேலை அவனுக்கு வந்தது.

"கை நல்லா நிக்குது உங்களுக்கு," என்றாள் அவள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"போன மழையிலேர்ந்து. இந்த ஈரத்துல சர்க்கரை காயவே காயாது அத்தான். அடுப்புப் பக்கம் வச்சா பழுப்பாயிடும். விசிறில வச்சா வளைஞ்சுடும். அன்னைக்கு நீங்க இதை ஏத்திக் கொடுத்துட்டுப் போனீங்கல்ல, அதைத் திறந்து வச்சுட்டு அவர் டீ குடிக்க வந்தார். திரும்பிப் போய்ப் பாத்தா, பின்னாடி மறந்து வச்சிருந்த தட்டு அவ்வளவு பதமாக் காஞ்சிருக்கு. வேற எதை ஓட விட்டாலும் அந்தச் சூடு வரல. மழை, பந்தம், அந்த ரூம். அதுதான் அளவு. சண்டைன்னா கொதிச்சுடும்." அவள் தட்டைக் காட்டினாள். "இப்படி."

இடுக்கியின் முனையில் இன்னொரு இதழ் வந்தது. அவன் அதை ஓரமாக வைத்தான். பணிமனையில் நின்று உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பேருந்து அவன் நினைவுக்கு வந்தது.

"ஆயிரத்துப் பதினொரு மணி நேரம்," என்றான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு கேக்."

வெளியே மழை வலுத்தது. திரைக்குள்ளும் பெய்துகொண்டிருந்தது. கைப்பேசி அவன் முழங்கால் பக்கத்தில் கிடந்தது. ஆறு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. எழுதுவதற்கு இரண்டே வரி போதும். அதை அவனால் நன்றாகவே எழுத முடியும்.

"அவருக்கு இதெல்லாம் சம்மதமா?" என்று கேட்டான்.

"வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டார். சாயங்காலம் வந்து தட்டைத் திருப்பி வைப்பார். அப்புறம் கொஞ்ச நேரம் அந்த ரூமையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அப்புறம் ஃபோனை எடுத்து நீங்க எழுதினதைப் படிப்பார். நாற்பத்து மூணும் மனப்பாடம் அவருக்கு. நீங்க எழுதினதுக்கு முதல் ஓட்டே அவர் போட்டதுதான். உங்க மேல அவருக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

"என் மேலயா? எதுக்கு?"

மச்சினி வெடிக்காத ஒரு ரோஜாவைக் காம்போடு எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"பின்ன என்ன அத்தான், நீங்க பதினேழு வரைக்கும் போய்ட்டு வந்தவர். அவர் இன்னிக்கு வரைக்கும் அந்த முதல் கதவைத் திறந்ததே இல்ல."